ஒற்றைச் சமக்குறி: பாடவேறுபாட்டின் இன்னொரு வரலாறு

நீண்ட பதிவு. மொழியியலும் சுவடிப்பதிப்பும் பயிலும் நண்பர்களை மனத்தில் கொண்டு எழுதுகிறேன். கணினித்துறையினர் பிழை கண்டால் தயங்காமல் திருத்துக.

சென்ற பருவத்தில் எங்கள் ஆய்வாளர் விடுதியின் பக்கத்து அறைக்கு ஒருவர் வந்தார். சில ஆண்டுகள் மென்பொருள் பொறியாளராகப் பணிசெய்துவிட்டு, நல்ல ஊதியத்தை உதறி, முனைவர் பட்ட ஆய்வுக்கு வந்தவர். அவருடைய ஆய்வுப்பொருள் மென்பொருள் வழங்கல் சங்கிலியின் பாதுகாப்பு. ஒரு மாலை என் மேசையில் விரிந்து கிடந்த பழந்தமிழ்ப் பதிப்பொன்றின் அடிக்குறிப்புகளைச் சுட்டி, இந்தச் சிற்றெழுத்துகள் எதற்கு என்று கேட்டார். வெவ்வேறு ஏட்டுப்பிரதிகளில் கண்ட பாடவேறுபாடுகள் என்றேன். எந்த ஏடு எந்த ஏட்டைப் பார்த்து எழுதப்பட்டது, எந்தக் கையில் எந்தப் பிழை புகுந்தது என்பதை அவற்றைக் கொண்டே ஊகிக்கிறோம் என்றும் சொன்னேன். சற்று நேரம் பார்த்துக்கொண்டே நின்றவர், "நாங்கள் செய்வதும் இதுதான். எங்கள் பிரதிகளில் பிழை தானாகப் புகுவதில்லை, யாரோ புகுத்துகிறார்கள், அவ்வளவுதான் வித்தியாசம்" என்றார்.

அந்த ஒரு வாக்கியத்தின் பின்னே சில மாதங்கள் சென்றேன். கிடைத்தது ஏறக்குறைய ஐம்பதாண்டு வரலாறு. யார் எழுதினார் என்னும் கேள்வியோடு தொடங்கி, எந்தக் கைகளின் வழியாக வந்தது என்னும் கேள்விக்கு நகர்ந்த வரலாறு அது. அதை நம் துறையின் சொற்களில் சொல்லிப் பார்க்கிறேன்.

முதலில் வழங்கல் சங்கிலி என்றால் என்ன என்று சொல்லிவிட வேண்டும். இன்று ஒரு செயலியை எழுதுபவர் அதன் எல்லா வரிகளையும் தாமே எழுதுவதில்லை. பெரும்பகுதி பிறர் எழுதிப் பொதுக் களஞ்சியங்களில் வைத்த பொதிகளிலிருந்து வருகிறது. அந்தப் பொதிகளுக்குள் வேறு பொதிகள், அவற்றுக்குள் இன்னும் சில. 2016 மார்ச்சில், அசர் கோச்சுலு என்னும் நிரலர் ஒரு பெயர்த்தகராறில் மனம் கசந்து, ஜாவாஸ்கிரிப்ட் மொழியின் என்பிஎம் களஞ்சியத்திலிருந்து தம் பொதிகளை எல்லாம் விலக்கிக்கொண்டார். அவற்றுள் ஒன்று லெஃப்ட்-பேட். ஒரு சரத்தின் இடப்பக்கத்தை வேண்டிய எழுத்தால் நிரப்பித் தருவது மட்டுமே அதன் பணி. மொத்தம் 11 வரிகள். அது மறைந்ததும் உலகெங்கும் பெரிய நிறுவனங்களின் மென்பொருள் உருவாக்கம் சில மணிநேரம் தடைப்பட்டது. அன்று யாரும் தீங்கு நினைக்கவில்லை. ஆனால் 11 வரிகளை அகற்றியதே இத்தனையைச் செய்யுமானால், 11 வரிகளைச் சேர்ப்பது என்ன செய்யும் என்னும் கேள்வி அன்று பலருக்கு உறைத்தது.

அந்தக் கேள்வி பழையது. 1974இல் அமெரிக்க விமானப்படைக்காகப் பால் கார்கரும் ரோஜர் ஷெல்லும் மல்டிக்ஸ் என்னும் இயக்குதளத்தைச் சோதித்து ஓர் அறிக்கை எழுதினர். மூலநிரலை இயங்குநிரலாக மாற்றித்தரும் கம்பைலருக்குள்ளேயே ஒரு கள்ளவழியை ஒளித்துவைத்தால், மூலநிரலை எத்தனை முறை படித்தாலும் அது கண்ணில் படாது என்று அதில் எச்சரித்தனர். பத்தாண்டு கழித்து, டென்னிஸ் ரிச்சியுடன் டூரிங் விருதைப் பகிர்ந்துகொண்ட கென் தாம்சன், தம் ஏற்புரையில் இக்கருத்தை எடுத்துக்கொண்டார். அவ்வுரை 1984 ஆகஸ்டில் அச்சானது. கருத்து தம்முடையதன்று, பெயர் நினைவில் இல்லாத ஒரு விமானப்படை ஆவணத்தில் படித்தது என்று அவரே அதில் குறிப்பிட்டார். மேற்கோள் மூலத்தைத் தொலைத்துவிட்டு நேர்மையாக ஒப்புக்கொண்ட அந்த அடிக்குறிப்பை முனைவர் பட்ட மாணவர்கள் எல்லோரும் பார்க்கவேண்டும் என்பது என் சொந்த ஆசை.

தாம்சனின் உத்தி இதுதான். கணினிக்குள் நுழைவோரைச் சரிபார்க்கும் நிரலைத் தொகுக்கும்போது மட்டும், ஒரு கள்ளக் கடவுச்சொல்லையும் ஏற்குமாறு கம்பைலர் அதைத் திரித்துவிடும். தன்னையே தொகுக்கும்போது, இந்தத் திரிக்கும் வழக்கத்தையும் சேர்த்துத் தொகுத்துவிடும். இதை ஒருமுறை செய்து முடித்தபின் மூலநிரலிலிருந்து அந்த வரிகளை அழித்துவிடலாம். மூலநிரல் தூய்மையாக இருக்கும். ஆனால் அதைப் பழைய கம்பைலரைக் கொண்டு தொகுக்கும் ஒவ்வொரு தலைமுறையும் அந்தக் கள்ளத்தைச் சுமந்தே பிறக்கும்.

மொழியியல் மாணவருக்கு இது புதிய செய்தியாக இருக்க முடியாது. தமிழ் எழுத்தில் 'பாவம்' என்று எழுதுகிறோம். இரக்கத்தையோ தீவினையையோ குறிக்கும்போது ஒரு விதமாகவும், நடனத்தில் வரும் மெய்ப்பாட்டைக் குறிக்கும்போது வேறு விதமாகவும் பகரத்தை ஒலிக்கிறோம். ஒலிப்புடைமை நம் எழுத்தில் எங்கும் பதிவாகவில்லை. அது வாயிலிருந்து வாய்க்குக் கடத்தப்படுகிறது. எழுத்தை மட்டும் கற்ற அயலார் ஒருவர் பிரதி முழுவதையும் நுணுகிப் படித்தாலும் அந்த வேறுபாட்டைக் கண்டுபிடிக்க மாட்டார். தாம்சனின் கள்ளமும் அத்தகையது. ஏட்டில் இல்லை, ஓதுமரபில் இருக்கிறது. அந்த நிரலைத் தாம்சனிடமிருந்தே பெற்று, ரஸ் காக்ஸ் 2023இல் விளக்கங்களுடன் வெளியிட்டார். முதன்மைத் தரவைப் படிக்க விரும்புவோருக்கு அது இன்று எட்டும் தூரத்தில் இருக்கிறது.

இனி நான் மிகவும் விரும்பும் நிகழ்ச்சி. 2003 நவம்பர். லினக்ஸ் கருநிரலின் மூலப்பிரதி அப்போது பிட்கீப்பர் என்னும் அமைப்பில் இருந்தது. அதைப் பயன்படுத்த விரும்பாதவர்களுக்காக, சிவிஎஸ் என்னும் பழைய அமைப்பில் ஒரு படி எடுத்து வைத்திருந்தார்கள். அந்தப் படி இருந்த கணினிக்குள் யாரோ நுழைந்து இரண்டு வரிகளைச் சேர்த்தார். மேலோட்டமாகப் பார்த்தால் அது ஒரு சோதனை: இன்னின்ன நிலைமை இருந்து, பயனரின் எண் சுழியாகவும் இருந்தால் பிழை என்று அறிவி. லினக்ஸில் சுழி என்பது முழு அதிகாரம் பெற்றவரின் எண். சி மொழியில் 'சமமா' என்று கேட்க இரண்டு சமக்குறிகள் இடவேண்டும். ஒரே ஒரு குறியிட்டால் 'சமமாக்கு' என்று பொருள். சேர்க்கப்பட்ட வரியில் ஒரு குறிதான் இருந்தது. எண் சுழியா என்று கேட்பதுபோல் தோன்றிய வரி, உண்மையில் எண்ணைச் சுழியாக்கிற்று. அந்த நிலைமையை வேண்டுமென்றே உருவாக்கும் எந்தப் பயனரும் கணினியின் முழு உரிமையாளராகிவிடுவார்.

வினா ஏவலாக மாறிய இந்த இலக்கண வேறுபாட்டை ஒரு குறி சுமந்துநின்றது. நம்முடைய 'வா' என்னும் ஏவலும் 'வா?' என்னும் வினாவும் அச்சில் ஒரு குறியால் பிரிவதை நினைத்துக்கொண்டேன்.

இது பிடிபட்ட விதம் பதிப்பாசிரியர்களுக்குத் தனி மகிழ்ச்சி தரும். அந்த வரியைப் படித்துப் பார்த்து யாரும் ஐயப்படவில்லை. மூலத்தையும் படியையும் வழக்கமாக ஒப்பிடும் தானியங்கிச் சோதனையில், படியில் இருந்த ஒரு மாற்றத்திற்கு மூலத்தில் இணையான பதிவு இல்லை என்று தெரியவந்தது. இந்த வரி எங்கிருந்து வந்தது என்று கேட்டபோதுதான் கண்கள் அந்தச் சமக்குறியின் மேல் விழுந்தன. மூலப்பிரதியை அது சென்றடையவே இல்லை. செய்தவர் யாரென்று இன்றுவரை பொதுவில் தெரியாது. ஒரே படி மட்டும் இருந்திருந்தால்? உ.வே.சா. 1887இல் சீவக சிந்தாமணியைப் பதிப்பிக்கு முன் ஏடு ஏடாகத் தேடி அலைந்ததற்கான காரணமும் இந்தக் கேள்விதான்.

ஆனால் தாம்சனின் சிக்கல் இதனினும் கடினம். மூலத்தில் மாற்றமே இல்லாதபோது எதை எதோடு ஒப்பிடுவது? இதற்கு விடை கண்டவர் டேவிட் ஏ. வீலர். இப்பதிவின் மையமும் அவரே. அவர் நெடுங்காலம் மென்பொருள் பொறியாளராக உழைத்தவர். லினக்ஸில் பாதுகாப்பாக நிரலெழுதுவது எப்படி என்று கையேடு எழுதியவர். 2001இல் ரெட் ஹாட் லினக்ஸின் ஒரு பதிப்பை எடுத்து, அதன் வரிகளை எண்ணினார். 3 கோடிக்கும் மேற்பட்ட வரிகள். வழக்கமான நிறுவன முறையில் அதை உருவாக்கியிருந்தால் 100 கோடி டாலருக்கு மேல் செலவாகியிருக்கும் என்று கணித்தார். வரிகளை எண்ணுவது பொறியாளரின் புத்தி. அந்தப் புத்தியுடனேயே ஜார்ஜ் மேசன் பல்கலைக்கழகத்தில் ஆய்வு மாணவரானார். 2005இல் ஒரு கட்டுரையும் 2009இல் முனைவர் பட்ட ஆய்வேடும் இதே சிக்கலைப் பற்றி எழுதினார். அடிப்படை எண்ணத்தை முன்னரே ஹென்றி ஸ்பென்சர் சுருக்கமாகச் சொல்லியிருந்தார் என்பதையும் மறைக்காமல் பதிவு செய்தார்.

வீலரின் முறையை இரட்டைத் தொகுப்பு முறை என்று சொல்லலாம். நம்மிடம் ஐயத்துக்குரிய கம்பைலர் ஒன்றும் அதன் மூலநிரலும் இருக்கின்றன. அதனோடு எந்த உறவும் இல்லாத, வேறொருவர் எழுதிய இரண்டாவது கம்பைலர் ஒன்றை எடுத்துக்கொள்கிறோம். இரண்டாவதைக் கொண்டு முதலாவதின் மூலநிரலைத் தொகுத்தால் ஒரு புதிய கம்பைலர் கிடைக்கும். அதன் எழுத்துருவம் ஐயத்துக்குரியதிலிருந்து வேறுபட்டிருக்கும். ஆனால் இரண்டும் ஒரே மூலத்தின் பிள்ளைகளாதலால் நடத்தை ஒன்றாக இருக்கவேண்டும். இப்போது அந்தப் புதிய கம்பைலரைக் கொண்டு அதே மூலநிரலை மறுபடியும் தொகுக்கிறோம். கள்ளம் ஏதும் இல்லையென்றால் கிடைக்கும் விளைவு, ஐயத்துக்குரிய கம்பைலரோடு ஒவ்வொரு பிட்டும் ஒத்துப்போக வேண்டும். ஒத்துப்போகாவிட்டால் எங்கோ மறைபொருள் இருக்கிறது. இரண்டாவது கம்பைலர் மாசற்றது என்று நிறுவவேண்டிய தேவை இல்லை. முதலாவதில் இருக்கும் அதே கள்ளம் அதில் இல்லாதிருந்தால் போதும். ஜிசிசி என்னும் புகழ்பெற்ற கம்பைலரை, இன்டெல் நிறுவனத்தின் கம்பைலரைத் துணையாகக் கொண்டு வீலர் இவ்வாறு சோதித்துக் காட்டினார். வேண்டுமென்றே கெடுக்கப்பட்ட ஒரு லிஸ்ப் கம்பைலரை இம்முறை கையும் களவுமாகப் பிடித்ததையும் காட்டினார்.

சுவடியியலில் இதற்கு இணை உண்டு. ஒரே மடத்தில் ஒன்றைப் பார்த்து ஒன்றாக எழுதப்பட்ட பத்து ஏடுகள் இருந்தாலும் அவை சாட்சி என்ற அளவில் ஒன்றே. வேறு ஊரில், வேறு வழியில் வந்த ஒரே ஏடு அந்தப் பத்துக்கும் ஈடு. உரைகாரர் மேற்கோளாக எடுத்தாண்ட ஓர் அடி சில வேளைகளில் முழு ஏட்டைவிட மதிப்புமிக்கதாவது அதனால்தான். எண்ணிக்கையைவிடச் சுதந்திரமான வழித்தோன்றல் முக்கியம் என்பதை நம் துறை நெடுங்காலமாக அறியும். கணினி உலகம் அதைக் கணித நிறுவலோடு ஏற்க 2009 ஆயிற்று. வீலர் 2020இல் லினக்ஸ் அறக்கட்டளையில் திறமூல வழங்கல் சங்கிலிப் பாதுகாப்புக்கான இயக்குநராகச் சேர்ந்தார்.

வீலரின் முறைக்கு ஒரு முன்நிபந்தனை உண்டு: ஒரே மூலத்தை இரண்டுமுறை தொகுத்தால் ஒரே விளைவு வரவேண்டும். நடைமுறையில் அப்படி வருவதில்லை. தொகுத்த நேரம் உள்ளே பதிந்துவிடும். கோப்புகளின் வரிசை மாறும். கணினியின் மொழி அமைப்புக்கு ஏற்ப அகரவரிசையே மாறும். (மொழியமைப்பை மாற்றினால் மென்பொருளின் பிட்டுகள் மாறுகின்றன என்று அறிந்த அன்று, நம் துறைக்கு இங்கும் ஒரு வேலை இருக்கிறது என்று சிறுபிள்ளைத்தனமாக மகிழ்ந்தேன்.) டெபியன் குழுவினர் 2013 முதல் இந்தச் சிறு வேறுபாடுகளை ஒவ்வொன்றாகக் களையும் பெரும்பணியில் இறங்கினர். ஆயிரக்கணக்கான பொதிகளில், பெயர் தெரியாத தன்னார்வலர்கள் செய்த மெய்ப்புத் திருத்தம் என்று அதைச் சொல்வேன். இந்த வரலாற்றில் மிகக் குறைவாகப் பாராட்டப்பட்ட பகுதியும் அதுவே.

மற்றொரு கிளையையும் சுட்டவேண்டும். ஜஸ்டின் காப்போஸும் உடனாய்வாளர்களும் 2008இல், பொதிகளை நிறுவித்தரும் கருவிகள் எளிதில் ஏமாற்றப்படுவதைக் காட்டினர். கையொப்பச் சாவிகளில் சில களவுபோனாலும் முழு அமைப்பும் கவிழாமல் தாங்கும் வடிவமைப்பு 2010இல் வந்தது. பைத்தான் மொழியின் களஞ்சியத்தில் இதைப் பொருத்தும் முன்மொழிவு 2013இல் எழுதப்பட்டு 2020இல்தான் ஏற்கப்பட்டது. அதன் ஆசிரியர் வரிசையில் முதற்பெயர் த்ரிஷாங்க் கார்த்திக் குப்புசாமி. குப்புசாமி என்னும் பெயரைக் கண்டதும் எனக்குள் எழுந்த ஊர்ப்பாசத்தை மறைக்கவில்லை. ஆனால் பெயரைக் கொண்டு ஊரைச் சொல்லிவிட முடியாது. இது பின்னர் வேறொரு காரணத்துக்காகவும் தேவைப்படும்.

2019இல் சாந்தியாகோ டோரஸ்-அரியாஸ், காப்போஸ், குப்புசாமி முதலியோர் 'இன்-டோட்டோ' என்னும் முறையை வெளியிட்டனர். இலத்தீனில் 'முழுமையாக' என்று பொருள். மென்பொருள் எந்தெந்த நிலைகளைக் கடக்கவேண்டும், ஒவ்வொரு நிலையையும் யார் செய்யலாம் என்று முதலிலேயே ஒரு திட்டம் எழுதப்படும். பின் ஒவ்வொரு நிலையிலும் உள்ளே வந்தது எது, வெளியே சென்றது எது என்று அந்த நிலைக்குரியவர் கையொப்பமிட்டுப் பதிவார். இறுதியில் பெறுபவர் எல்லாப் பதிவுகளையும் கோத்துப் பார்ப்பார். ஒரு நிலையில் வெளியே சென்றதும் அடுத்த நிலையில் உள்ளே வந்ததும் பொருந்தாவிட்டால் சங்கிலி அறுந்தது என்று பொருள்.

இதைப் படித்தபோது எனக்கு விளக்கம் தேவைப்படவில்லை. நான் பிறந்தது தேவிகுளத்தை அடுத்த ஒரு தேயிலைத் தோட்டத்தின் லயத்தில். காட்டில் பறித்த கொழுந்து மூட்டையாகி எடைக்கு வரும்; பெயருக்கு நேரே எண் எழுதப்படும். தொழிற்சாலைக்குள் வாட்டல், உருட்டல், நொதித்தல், உலர்த்தல், சலித்துத் தரம்பிரித்தல். பச்சைக் கொழுந்து நான்கைந்து கிலோ உள்ளே போனால் ஒரு கிலோ தூள் வெளியே வரும். இந்த விகிதம் பிசகினால் எங்கோ தவறு நடந்திருக்கிறது என்று அலுவலகத்தில் உட்கார்ந்திருப்பவரே சொல்லிவிடுவார். ஏலத்துக்குப் போகும் சரக்கில் தோட்டத்தின் குறியும் தரமும் இன்வாய்ஸ் எண்ணும் இருக்கும். குடிப்பவர் எவரும் தோட்டத்தைப் பார்ப்பதில்லை. கைமாறிய பதிவுகளை நம்புகிறார்.

என் அப்பத்தா முப்பது ஆண்டுகளுக்கு மேல் கொழுந்து எடுத்தவர். எழுதப் படிக்கத் தெரியாது. தலையில் ஏறும் மூட்டையின் கனத்தைக் கொண்டே எடையைச் சொல்லிவிடுவார் என்பார்கள். மழைநாளில் ஈரத்துக்கென்று கழித்தபின் எழுதப்படும் எண், அவர் சொன்ன எண்ணைவிட எப்போதும் குறைவாகவே இருக்கும். அதை மறுக்க அவரிடம் இரண்டாவது தராசு இல்லை. பதிவில் எந்தப் பிசகும் இல்லை. எழுதியவரின் கையெழுத்தும் மெய். எண் மட்டும் பொய்.

கையொப்பம் எழுதியவர் யாரென்று சொல்லும். எழுதியது உண்மையா என்று சொல்லாது. 2020 டிசம்பரில் வெளிவந்த சோலார்வின்ட்ஸ் நிகழ்ச்சி இதைத்தான் காட்டியது. நிறுவனத்தின் மூலநிரல் சரியாக இருந்தது. அது தொகுக்கப்படும் சில நொடிகளில் ஒரு கோப்பை மட்டும் மாற்றிவைத்து, தொகுத்து முடிந்ததும் பழைய கோப்பைத் திரும்ப வைத்துவிடும் கள்ளநிரலை ஊடுருவியவர்கள் நிறுவியிருந்தார்கள். விளைந்த மென்பொருளில் நிறுவனத்தின் உண்மையான கையொப்பம் இடப்பட்டு, ஏறத்தாழ 18,000 வாடிக்கையாளர்களுக்குச் சென்றது. தாம்சனின் கற்பனைக்கு மிக அருகில் வந்த நிகழ்ச்சி இது.

அடுத்தது எக்ஸ்-இசட் யூட்டில்ஸ். 2024 மார்ச் 29 அன்று, ஆந்த்ரெஸ் ஃபிராய்ண்ட் என்னும் பொறியாளர் ஒரு பொது அஞ்சலில் தாம் கண்டதை அறிவித்தார். அவர் பாதுகாப்பு ஆய்வாளர் அல்லர். தரவுத்தள மென்பொருளின் வேகத்தை அளந்துகொண்டிருந்தவர். தொலைகணினிக்குள் நுழைய ஆகும் நேரம் சுமார் 0.3 நொடியிலிருந்து 0.8 நொடியாக ஏறியிருந்தது. அந்த அரை நொடியை அவர் விடவில்லை. தோண்டிக்கொண்டே போனபோது, லினக்ஸ் கணினிகளில் பரவலாக இருக்கும் ஒரு சுருக்கக் கருவியின் 5.6.0, 5.6.1 பதிப்புகளுக்குள் பின்கதவு ஒன்று இருந்தது தெரிந்தது. பிரதி ஒப்பீட்டாளர் கவனிக்கவேண்டிய நுட்பம் இங்கே உண்டு. கள்ளநிரலின் உடல், சோதனைக்கான கோப்புகள் என்ற பெயரில் பொதுக் களஞ்சியத்திலேயே குறியீடாக ஒளிந்திருந்தது. அதை எழுப்பும் வரிகள் களஞ்சியத்தில் இல்லை. வெளியீட்டுக்கெனக் கட்டித் தரப்பட்ட பொதியில் மட்டும் இருந்தன. மூலமும் படியும் வேறுபட்டன. 2003இல் ஓடிய தானியங்கி ஒப்பீடு போன்ற ஒன்று இங்கே வழக்கத்தில் இல்லை. வெளியீட்டுப் பொதியில் சில துணைக்கோப்புகள் கூடுதலாக இருப்பது இயல்பு என்பதால் எவரும் ஒப்பிட நினைக்கவில்லை.

அந்தப் பொதியைக் கட்டியவர் 'ஜியா டான்' என்ற பெயரில் இயங்கியவர். 2021 இறுதியிலிருந்து சிறு சிறு திருத்தங்களை அனுப்பி நம்பிக்கை ஈட்டினார். 2022இல் 'ஜிகர் குமார்' முதலிய பெயர்களில் சிலர் அஞ்சல் குழுவில் தோன்றி, பணி தாமதமாகிறது, வேறொரு பராமரிப்பாளர் வேண்டும் என்று நச்சரித்தனர். பல்லாண்டுகளாக அதைத் தனியே பராமரித்துவந்த லாசே காலின், தம் சோர்வையும் இது ஊதியமற்ற வேலை என்பதையும் சொல்லிப் பார்த்தார். பின் பொறுப்பைப் பகிர்ந்துகொண்டார். அந்த நச்சரிப்பு அஞ்சல்களை நான் சொல்லாடல் பகுப்பாய்வு மாணவர் படிப்பதுபோல் படித்தேன். வசை இல்லை, மிரட்டல் இல்லை. சலிப்பும் ஏமாற்றமும் அளவாகக் கலந்த, எந்தத் தன்னார்வலரையும் குற்றவுணர்வுக்கு ஆளாக்கும் நடை. இந்தத் தாக்குதலில் மிகத் திறமையாக எழுதப்பட்ட பகுதி அந்த அஞ்சல்கள்தான் என்பது என் கருத்து.

பெயர்களைப் பற்றியும் ஆராய்ச்சி நடந்தது. 'ஜியா டான்' சில இடங்களில் 'ஜியா சியோங் டான்' என்று காணப்பட்டார். அதில் வெவ்வேறு சீனக் கிளைமொழிகளின் உரோமன் எழுத்துமுறைகள் கலந்துள்ளன, ஆகவே புனைபெயர் என்றனர் சிலர். பெயர்க்கலப்பு புனைவுக்குச் சான்றாகாது. மலேசியாவிலும் சிங்கப்பூரிலும் அத்தகைய கலப்பு அன்றாட வழக்கம். எங்கள் மலையிலும் அப்படித்தான். என் அப்பத்தாவின் பெயர் குடும்ப அட்டையில் மலையாள வழக்கப்படி ஒருவிதமாகவும், வாக்காளர் பட்டியலில் வேறொரு விதமாகவும், தோட்டப் பதிவேட்டில் சுருக்கப்பட்ட ஆங்கில எழுத்துகளிலும் இருந்தது. மூன்று பெயருக்கும் ஒரே ஆள்தான் என்று நிறுவ ஓர் அலுவலகத்தின் படிகளில் என் தந்தை பலமுறை ஏறி இறங்கினார். மெய்யான ஆளுக்குப் பொருந்தாத மூன்று பெயர்களும், இல்லாத ஆளுக்குக் கச்சிதமாகப் பொருந்திய ஒரு பெயரும் ஒரே உலகில்தான் இருக்கின்றன. ஜியா டான் யாரென்று இன்னும் தெரியவில்லை.

பிராங்கணத்தில் ஒரு செய்தி. கேம்பிரிட்ஜின் ராஸ் ஆண்டர்சன், ஃபிராய்ண்டின் அஞ்சலுக்கு முந்திய நாள், மார்ச் 28 அன்று மறைந்தார். 2021இல் நிக்கலஸ் பவுச்சருடன் சேர்ந்து, அரபு, ஹீப்ரு போன்ற வலமிருந்து இடம் எழுதும் மொழிகளுக்காக யூனிகோடில் உள்ள திசைக்குறிகளைக் கொண்டு, மனிதக் கண்ணுக்கு ஒன்றும் கம்பைலருக்கு வேறொன்றுமாகத் தோன்றும் நிரலை எழுதமுடியும் என்று காட்டியவர் அவர். எழுத்துமுறையியல் பயில்வோர் அந்தக் கட்டுரையை அவசியம் படிக்கவேண்டும்.

நம் நாட்டுக்கு வருவோம். 2024 ஜூலை இறுதியில், கூட்டுறவு வங்கிகளுக்கும் வட்டார ஊரக வங்கிகளுக்கும் தொழில்நுட்பச் சேவை தரும் சி-எட்ஜ் நிறுவனம் பணயத் தீநிரல் தாக்குதலுக்கு ஆளானது. தேசியப் பணப்பரிவர்த்தனைக் கழகம் அந்நிறுவனத்தைத் தன் வலையமைப்பிலிருந்து துண்டித்தது. நாடெங்கும் ஏறத்தாழ 300 சிறு வங்கிகளின் வாடிக்கையாளர்கள் ஓரிரு நாள் மின்னணு வழியில் பணம் அனுப்ப முடியாமல் நின்றனர். தம் கணக்கு எந்த ஊர் வங்கியில் இருக்கிறது என்பது அவர்களுக்குத் தெரியும். அந்த வங்கி எந்த நிறுவனத்தின் கணினியில் இருக்கிறது என்பது தெரிய வாய்ப்பில்லை. அதே ஆண்டு அக்டோபரில், இந்தியக் கணினி அவசர உதவிக்குழு மென்பொருள் உட்கூறுப் பட்டியலுக்கான வழிகாட்டுதலை வெளியிட்டது. ஒரு மென்பொருளுக்குள் எந்தெந்தப் பொதிகள், எந்தப் பதிப்பில் உள்ளன என்று சொல்லும் பட்டியல் அது. மருந்துப் பெட்டியின் மேல் அச்சிடும் உட்பொருள் பட்டியலைப் போன்றது. தேவையான முதற்படி. எனினும் அந்தப் பட்டியல் 5.6.1 என்று சரியாகவே எழுதியிருக்கும். பொதிக்கும் களஞ்சியத்துக்கும் வேறுபாடு உண்டு என்று எழுதியிருக்காது.

எக்ஸ்-இசட் யூட்டில்ஸின் அடுத்த தூய பதிப்பை, 5.6.2ஐ, லாசே காலின் 2024 மே மாத இறுதியில் வெளியிட்டார்.

பக்கத்து அறை நண்பர் தம் ஆய்வேட்டைத் தமிழிலும் சுருக்கமாக எழுதித்தர ஒப்புக்கொண்டிருக்கிறார். கலைச்சொற்கள் என் பொறுப்பு. ஒவ்வொரு நிலையிலும் கையொப்பமிட்டுத் தரப்படும் பதிவுக்கு 'கைமாற்றுச் சான்று' என்று இப்போதைக்கு எழுதிவைத்திருக்கிறேன், நிறைவில்லை. மூணாறு, தேவிகுளம், வால்பாறைப் பக்கத்து நண்பர்களுக்கு ஒரு வேண்டுகோள்: கொழுந்து எடை போட்டதும் தரப்பட்ட சீட்டுக்கு உங்கள் தோட்டத்தில், உங்கள் பாட்டிமார் வாயில், என்ன பெயர் வழங்கியது? தோட்டத்தின் பெயரோடு எழுதினால் உதவியாக இருக்கும்.